நலம் விசாரித்த மோட்டார்

முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். இதை நான் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். என் மனைவி சொன்னால் தகவல். ஊரில் எத்தனையோ முட்டாள்கள் உண்டு. அவர்கள் தங்கள் முட்டாள்தனத்தை வீட்டுக் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும்தான் அதை ஒலிப்பதிவு செய்து, சிம் கார்டு போட்டு, பத்து விவசாயிகளின் கிணற்றடிக்கு அனுப்பிவைத்தேன்.

போன வாரம் நான் மிருதங்கம் கற்கப் போன கதையைப் படித்துவிட்டு, உடுமலை வாசகர் ஒருவர், 'இதற்கு மேலும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். இருக்கிறது, ஐயா.

கொடுமுடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. வாசலுக்கு முன்னால் சிமென்டுக் களம். களம் நிறைய அவித்துக் காயப்போட்ட மஞ்சள். காய்ந்திருக்க வேண்டிய மஞ்சள். அது நனைந்து ஊறிக் கிடந்தது. களத்து ஓரத்தில் குட்டையாகத் தேங்கிய மஞ்சள் தண்ணீரில் ஒரு கோழி தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற, மண்ணும் மருந்தும் கலந்தது போல ஒரு வாடை கிளம்பியது.

நான் வெள்ளை வேட்டியில் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெள்ளையில் போனால் பாதி மன்னிப்பு தானாகக் கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு. பத்தடி நடப்பதற்குள் முழங்கால்வரை மஞ்சளாகிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து ஈஸ்வரி அம்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் நாக்பூர் பக்கம். தோட்டம், மாடு, மஞ்சள், வாழை எல்லாம் இவர் பொறுப்பு. கையில் மஞ்சளைத் தள்ளிவிடும் நீளக் கைப்பிடிப் பலகை. அதை அவர் பிடித்திருந்த விதத்தில் மஞ்சளுக்கு மட்டும் பயன்படுத்துவார் என்று தோன்றவில்லை.

நான் கைகூப்பினேன். "வணக்கமுங்க அம்மணி. நல்லாருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

பலகை அந்தரத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தார்.

"ஏனுங்க… நீங்கதானா அந்த மோட்டாரு?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெள்ளைக்காரம்மா

ஒரு மனிதன் மோட்டாரான கதை இது. ஆகவே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோவை கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி சின்னச்சாமி அண்ணன். அங்கே ஒரு பெட்டி செய்கிறோம். தோட்டத்தில் மோட்டார் பக்கத்தில் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டால், கரண்ட் எப்போது வந்தாலும் அதுவே மோட்டாரைப் போட்டுவிடும். போட்ட கையோடு விவசாயியின் போனுக்குக் கூப்பிட்டு, 'போட்டுவிட்டேன்' என்று சொல்லும். ஏதாவது கோளாறு என்றாலும் கூப்பிட்டுச் சொல்லும். நாம் திருப்பிக் கூப்பிட்டாலும் எடுத்து நிலவரம் சொல்லும். நிறுத்த வேண்டுமானால் போனில் இரண்டாம் நம்பரை அமுக்கினால் போதும். விவசாயி எங்கேயும் இருக்கலாம்.

இதில் என் வேலை, பெட்டிக்குள் வைக்கிற துண்டுத்தாளைத் தமிழில் எழுதுவது. அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்தியவன் என்பதால் எனக்குப் 'புலவர்' என்று பெயர். நான் புலவர் பரீட்சையை இரண்டு முறை எழுதியது உண்மை. முடிவைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

துண்டுத்தாள்தான் தமிழ். பெட்டியின் பேச்சு ஆங்கிலம். வெளிநாட்டிலிருந்து வந்த மின்னணுச் சில்லுக்குள்ளேயே ஒரு பெண் குரல் உட்கார்ந்திருந்தது. "மோட்டார் ஆன்" என்று சொல்லும்போதே, பின்னால் பனி பெய்கிறாற்போல் இருக்கும். விவசாயிகள் அந்தக் குரலுக்கு 'வெள்ளக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அம்மா சொல்வது அவர்களுக்குப் புரியாது. ஆனால் புரிந்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெருந்துறைக்காரர் ஒருவர் எனக்கே விளக்கினார்:

"சின்னதாப் பேசுனா மோட்டாரு ஓடுதுங்க. பெருசாப் பேசுனா நாம ஓடோணுமுங்க."

அவ்வளவுதான் அவர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் இருந்த உடன்படிக்கை.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் மண், நம் கிணறு, நம் தண்ணீர். அதைப் பற்றிச் செய்தி சொல்வது மட்டும் அடுத்தவர் பாஷையா? சின்னச்சாமி அண்ணன் முன்னால் அரை மணி நேரம் முழங்கினேன். பேசி முடித்ததும் ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். ஆங்கிலத்தில். முப்பது வருடமாக என் கையெழுத்து ஆங்கிலத்தில்தான். அது வேறு விஷயம்.

"சேரிங்க புலவரே, எழுதிக் கொண்டாங்க. பாப்போம்" என்றார் அண்ணன்.

இயக்கம் எய்திற்று

எழுதிக்கொண்டு போனேன். 'பேரன்புடையீர்! தங்கள் மின்னோடி சற்றுமுன் இயக்கம் எய்திற்று.'

அண்ணன் இரண்டு முறை படித்தார். பிறகு மின்பலகை வரையும் நிவேதாவிடம் கொடுத்தார். சின்னப் பெண். மூன்று வருடமாக இந்தப் பெட்டிக்கு மூளை செய்கிறவள். அவள் படித்துவிட்டு, "சார், யாருக்கு என்ன ஆச்சு? எப்போ எடுக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"புலவரே, கரண்டு இருக்கறப்பவே சொல்லி முடிக்கற மாதிரி ஒண்ணு எழுதுங்க" என்றார் அண்ணன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். யோசிக்கும்போது எனக்குப் பழைய அவமானங்கள்தான் முதலில் ஞாபகம் வரும்.

குட் மார்னிங்குங்க

எனக்கு இருபத்திரண்டு வயது. பீளமேட்டில் ஒரு மில் ஆபீசில் எழுத்தர் வேலை. ஆங்கிலம் பேச வேண்டும் என்றார்கள். காந்திபுரத்தில் மாடியில் ஒரு வகுப்பு. முப்பது நாளில் ஆங்கிலம். இருபத்தொன்பதாம் நாளே இண்டர்வியூ வந்துவிட்டதால் கடைசி நாளில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதுதான் முக்கியமான பாடமாக இருந்திருக்க வேண்டும்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "குட் மார்னிங்குங்க சார்" என்றேன். நடுவில் இருந்தவர் பெயரைக் கேட்டார். சொன்னேன். தட்டச்சு தெரியுமா என்றார். "யெஸ்ஸுங்க" என்றேன். முன் அனுபவம் உண்டா என்றார். "நோவுங்க." ஏதோ ஒரு கேள்வி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்பதால், "தேங்க்யூங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவர் வெளியே வந்து என் தோளைத் தட்டி, "தம்பி, இங்கிலீசு இத்தன மரியாதையா இருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அதைப் பாராட்டு என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன்.

இதை நினைத்தபோதுதான் மூளையில் பல்பு எரிந்தது. நான் எழுத வேண்டியது அகராதித் தமிழ் அல்ல. நம்மாட்கள் பேசுகிற பேச்சு. வாயில் வரும் பேச்சு மட்டுமல்ல, பேசும் முறையும் வேண்டும். அதுதானே பண்பாடு!

நம் பக்கத்து முறை எப்படி? எடுத்தவுடன் யாரும் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பெரியப்பா ஒருமுறை வேகவேகமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் உடம்பு சௌக்கியமா என்றார். அந்தப் பக்கம் மழை உண்டா என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய் சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பறம் ஒண்ணுமில்ல, உங்க வைக்கப்போருல பொகையாட்டத் தெரியுது" என்றார். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது போர் இருந்த இடம் மட்டும் இருந்தது.

இதிலிருந்து ஒரு புத்திசாலி என்ன பாடம் கற்றிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். நான் கற்ற பாடம்: 'ஆகா, எவ்வளவு நாகரிகமான மனிதர்கள்!'

மூன்று விநாடி இடைவெளி

அன்றே எழுதினேன். 'வணக்கமுங்க. நல்லாருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? அந்தப் பக்கம் மழை கிழை உண்டுங்களா? அப்பறம், ஒரு சின்ன சேதிங்க. மோட்டாரு ஓட ஆரம்பிச்சிருக்குதுங்க. நிறுத்தோணும்னா ரெண்டாம் நம்பர அமுத்துங்க.'

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் மூன்று விநாடி இடைவெளி விட வேண்டும் என்று நிவேதாவிடம் சொன்னேன்.

"எதுக்குங்க சார் கேப்?"

"அவங்க பதில் சொல்லோணுமில்ல கண்ணு?"

"பெட்டி அதைக் கேக்காதுங்களே சார்."

"மனுசன் மட்டும் கேக்கறானா? நல்லாருக்கீங்களான்னு கேட்டவன் எவன் பதிலக் கேட்டிருக்கான்? கேக்கறதுதான் மரியாதை. கேட்டுக்கறது இல்ல."

யார் குரலில் பதிவது என்ற பேச்சு வந்தது. நிவேதாவின் குரல் நன்றாக இருந்தது. நான்தான் வயதில் மூத்த குரல் வேண்டும், கனிவு வேண்டும், அனுபவம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என்னைத் தவிர யாருமே மிஞ்சாத இடம்வரை அடுக்கினேன்.

எதிரொலி வராமலிருக்க, ஸ்டோர் ரூமின் நாலு சுவரிலும் கோணிச்சாக்குத் தொங்கவிட்டு, பக்கத்து லேத்தை நிறுத்தச் சொல்லி, சாக்குத் தூசியில் தும்மித் தும்மி, பதினாறாவது தடவையில் என் குரல் சில்லுக்குள் இறங்கியது.

இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கார்த்திக். விற்பனை மேலாளர், எம்.பி.ஏ. படித்தவர். சொந்த ஊர் சென்னிமலை. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஊரையும் கழற்றிவிடுவார்.

"சார், திஸ் இஸ் எ குளோபல் ப்ராடக்ட். நாளைக்கு ஆப்பிரிக்கா போகப்போறோம். அங்க போய் 'மழை கிழை உண்டுங்களா'ன்னு கேப்பீங்களா?"

"மழையப் பத்திக் கேட்டா சந்தோசப்படாத விவசாயி ஆப்பிரிக்காவுல மட்டும் இருக்கானுங்களா தம்பி?"

"இங்கிலீஷ் கிரிஸ்ப்பா இருக்கு சார். ஃபார்மர்ஸ் பழகிட்டாங்க."

சிக்கல் என்னவென்றால், அந்தச் சில்லில் ஒரு பாஷைக்குத்தான் இடம். இரண்டு வைக்க வேண்டுமானால் சில்லை மாற்ற வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும், அண்ணன் கம்பெனியையே மாற்ற வேண்டும். அடுத்து ஒரு பெரிய சரக்கு தயாராக இருந்தது. அதில் ஏறப்போவது தமிழா, ஆங்கிலமா?

சின்னச்சாமி அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். "பத்து தோட்டத்துல புலவரோட தமிழப் போட்டுப் பாருங்க. அவங்க சேரின்னா தமிழு. வேண்டாம்னா வெள்ளக்காரம்மா. அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

பத்து பெட்டியிலும் சில்லை மாற்றினோம். கூடவே புது சிம் கார்டும் போட்டோம். ஈஸ்வரி அம்மணியின் தோட்டத்துக்குக் கார்த்திக் போனபோது அவர் மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தார். கணவர் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினார் கார்த்திக். எந்த மொழியில் விளக்கினார் என்று நான் கேட்கவில்லை. கணவர் தலையாட்டினார், சாயங்காலமே லாரி ஏறி நாக்பூருக்குப் போய்விட்டார்.

அண்ணன் சொன்ன தீர்ப்பு

நாலு நாள் நான் ஆபீசில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மொழியைக் காப்பாற்றினவன் எப்படி நடப்பான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்தவர் அண்ணன். "ஆமாங்க அம்மணி… சேரிங்க அம்மணி… தப்புத்தானுங்க" என்பதைத் தவிர பத்து நிமிடம் அவர் வேறெதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"புலவரே, உங்க மோட்டாரு ஓடுச்சாம். யாருக்கும் தெரியாம ஓடுச்சாம். வாழைக்குப் போற வாய்க்கா ரொம்பி, ஒடச்சுக்கிட்டு, அவிச்சுக் காயப்போட்ட மஞ்சளுக்குள்ள பூந்திருச்சாம்."

"பெட்டி கூப்புட்டிருக்குமேங்க அண்ணா."

"கூப்புட்டுச்சாம். என்னமோ பேசுச்சாம். அதப் பத்தி நேர்ல வந்தா சொல்றேன்னாங்க. நாளைக்குக் கார்த்திக்கக் கூட்டிக்கிட்டுப் போயி மன்னிப்புக் கேளுங்க. மத்த ஒம்பது பேரும் ஒண்ணும் சொல்லுல. நட்டப்பட்டது அவங்கதான். அதனால அவங்க சொல்றதுதான் முடிவு. இங்கிலீசுன்னா இங்கிலீசு. தமிழுன்னா தமிழு."

மறுநாள் காலையில் கார் கிளம்பியது. கார்த்திக் ஓட்டினார். வெற்றிபெறப்போகிறவனுக்கே உரிய அமைதி அவர் முகத்தில். பெருந்துறை தாண்டி சென்னிமலை மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவருக்குப் போன் வந்தது. அவருடைய அம்மா.

"சொல்லுங்கம்மா… சாப்புட்டேனுங்கம்மா… நீங்க சாப்புட்டீங்களா? மாடு கன்னு போட்டுருச்சுங்களா? இங்க மழையெல்லாம் இல்லீங்கம்மா. அத்த ஊட்டு விசேசத்துக்குப் போனீங்களா?…" ஏழு நிமிடம் பேசினார். எம்.பி.ஏ. எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது. திடீரென்று காரை ஓரம் கட்டினார். "என்னது! எப்ப உளுந்தாரு? இத மொதல்ல சொல்றதில்லையாம்மா நீங்க?"

அவர் அப்பா களத்தில் வழுக்கி விழுந்து, முந்தின நாளே கையில் கட்டுப் போட்டாயிற்றாம். இப்போது வலி இல்லையாம்.

போனை வைத்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சார், ப்ளீஸ்" என்றார் கார்த்திக்.

காரமடை மாமா

இனி மறுபடியும் களத்துக்கு வருவோம். ஈஸ்வரி அம்மணி பலகையோடு நிற்கிறார். நான் மோட்டார் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அவர் கத்தவில்லை. மூலையில் சாத்தியிருந்த இன்னும் இரண்டு பலகைகளைக் காட்டினார். "வெயிலு வந்துருச்சுங்க. பேசறதத் தள்ளிக்கிட்டே பேசுங்க" என்றார்.

ஆகவே அடுத்த ஒரு மணி நேரம், கம்பெனியின் விற்பனை மேலாளரும் கம்பெனியின் குரலும் ஈர மஞ்சளைப் புரட்டிப் போட்டோம். கார்த்திக்கின் பேன்ட் முழங்காலுக்கு மேல் மடிந்தது. தள்ளிக்கொண்டே அம்மணி நடந்ததைச் சொன்னார்.

"திங்கக்கெழம ஒரு போனு. தெரியாத நம்பரு. எடுத்தா, 'நல்லாருக்கீங்களா'ங்குது. யாருன்னு தெரியல. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறவங்ககிட்ட, நீங்க யாருன்னு எப்புடிங்க கேக்கறது? ஒறம்பரைக்காரங்களா, சொந்தபந்தமா இருந்தா மனசு சங்கடப்படுமில்ல? நல்லாருக்கறமுங்கன்னேன். மழை உண்டுங்களான்னாங்க. இல்லீங்கன்னேன். அடுப்புல பால வெச்சிருந்தேன். அப்பறம் பேசறேனுங்கன்னு வெச்சுட்டேன்."

"சேதி அதுக்கப்பறம்தானுங்க அம்மணி வரும்…"

"எனக்கென்ன தெரியும்? அடுத்த நாளும் கூப்புடறாங்க. அதே கேள்வி. ராத்திரி பூரா யோசிச்சேன். இந்தக் கொரலு, இந்த இழுவ… காரமடையில எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு மாமா முறை. அவராத்தான் இருக்கோணும்னு முடிவு பண்ணிப்போட்டேன். அதுலருந்து மாமா மாமான்னு பேசறேன். கேட்டதையே கேக்கறாரு. வயசாயிருச்சு, மறதியாட்ட இருக்குதுன்னு பாவமாக்கூட இருந்துச்சு."

கார்த்திக் மஞ்சளை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"மோட்டாரு ஓடறது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றேன்.

"தோட்டத்துலயே இருந்தனுங்க, சத்தம் கேக்கும். வெள்ளக்காரம்மாவ மட்டும் காணோம். லீவுல போயிருச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். நேத்துத்தான் ஒரு காதுகுத்துக்குப் போனேன். கரண்டு வந்தா அந்தம்மா கூப்புடும், உடனே பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லி மடையத் திருப்பிக்கலாம்னு இருந்தேன். பந்தியில உக்காந்திருக்கறேன், மாமா கூப்புடறாரு. 'பந்தியில இருக்கறனுங்க மாமா'ன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டேன்."

பலகையைத் தள்ளுவதை நிறுத்தினார்.

"ஊட்டுக்கு வந்து பாத்தா களமே தண்ணியில நிக்குது. தலையில கைய வெச்சு உக்காந்துட்டேன். ஊட்டுக்காரருக்குப் போட்டா எடுக்கல. சேரி, மாமாவுக்காச்சும் சொல்லலாம், மனசு ஆறும்னு அந்த நம்பருக்கே போட்டேன். மஞ்சளு பூராப் போச்சுங்க மாமான்னு அழுதேன். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, 'அந்தப் பக்கம் மழை கிழை உண்டுங்களா?'ன்னாரு."

கார்த்திக் திரும்பி வந்து மஞ்சளைத் தள்ளத் தொடங்கினார். கோழி மட்டும் ஏதோ சொன்னது.

"களத்துல மொழங்கால் தண்ணி நிக்குது, மழை உண்டான்னு கேக்கறீங்களே, நீங்களெல்லாம் மனுசனான்னு கேட்டேன். அதுக்குத்தான், 'நிறுத்தோணும்னா ரெண்டாம் நம்பர அமுத்துங்க'ன்னாரு."

"அமுத்துனீங்களா?"

"அமுத்துனேன். நின்னுச்சு."

அந்த அம்மா சொன்னது என்ன?

நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் இரண்டு பேர் கையும் மஞ்சள். டம்ளரும் மஞ்சளாயிற்று. கார்த்திக் பையிலிருந்து தன் போனை எடுத்து, தன் கட்சியைச் சொன்னார்.

"அக்கா, பழையபடி அந்த இங்கிலீஷ் வாய்ஸையே போட்டுக் குடுத்தர்றோம். நீங்க சொன்னாப் போதும். எல்லாப் பெட்டிக்கும் அதான் முடிவு."

நான் இவ்வளவு நாள் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்த அம்மணி ஒரு தலையாட்டு ஆட்டினால், இனி எத்தனை கிணற்றடியில் எத்தனை பேர் பேச்சின் நீளத்தை அளந்துகொண்டு ஓட வேண்டும். அதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. நான்.

அம்மணி கார்த்திக்கின் போனைப் பார்த்தார். "ஏந்தம்பி, அந்த வெள்ளக்காரம்மா என்னென்னதான் சொல்லுமுங்க? ரெண்டு வருசமாக் கேக்கறேன், ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணாப் போட்டுச் சொல்லுங்க."

கார்த்திக் ஒவ்வொன்றாகப் போட்டுச் சொன்னார். மோட்டார் ஓடுகிறது. மோட்டார் நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை. ஒரு லைனில் கரண்ட் இல்லை. அம்மணி ஒவ்வொன்றுக்கும், "அட, அதானா?" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார். கடைசியாக ஒரு நீளமான வாக்கியம் வந்தது. கார்த்திக் அதைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"இது… பெட்டி மேல கரண்டு பாயுது, தொடாதீங்க, அப்படீன்னு சொல்லுதுங்க்கா."

அம்மணி தன் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு பழைய தழும்பு, காய்ந்த இலை நரம்பு மாதிரி.

"போன வருசம் நீளமாப் பேசுச்சு. நீளமாப் பேசுனா ஓடோணுமில்ல? ஓடிப் போயிப் பெட்டியத் தொறந்தேன். தூக்கி எறிஞ்சிருச்சு." கையை மடக்கிக்கொண்டார். "தொடாதேன்னுதான் சொல்லியிருக்குது."

கார்த்திக் போனைக் கீழே வைத்தார். பிறகு, "தெரியாமப் போச்சுங்க்கா. சத்தியமாத் தெரியாதுங்க்கா" என்றார். அவர் அம்மாவிடம் பேசிய அதே குரல்.

"தமிழே இருக்கட்டுங்க தம்பி" என்றார் அம்மணி. "வெள்ளக்காரம்மா என்ன சொன்னாலும் தலையெழுத்துன்னு விட்டுருவேன். இவுரு பேசுனது புரிஞ்சதுனாலதான் நேத்து அந்தச் சண்ட போட்டேன், இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் வரவெச்சு மஞ்சளத் தள்ள வெச்சேன். புரியாத ஆளுகிட்ட என்னத்தச் சண்ட போடறது? ஆனா சேதிய மொதல்ல சொல்லோணும். நாலு வார்த்தையில சொல்லோணும்."

"அப்பறம் அந்த நலம் விசாரிக்கறது…" என்று இழுத்தேன்.

"அது ஒறம்பரைக்காரங்க பண்ணட்டுங்க."

கார்த்திக் அங்கேயே நிவேதாவுக்குப் போன் போட்டார். "நிவேதா, தமிழே ஃபைனல். உங்க குரல்லயே போட்டுருங்க. நாலு வார்த்தைதான், அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கங்க." அம்மணி சொல்லச் சொல்ல, அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்பாடு, மொழி, மண் என்று நான் அரை மணி நேரம் முழங்கியதை, அம்மணி ஐந்து வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மஞ்சள் கையால் துடைத்ததில் எரிச்சல் வேறு. தமிழ் ஜெயித்துவிட்டது, அதோடு நான் பேசாமல் காரில் ஏறியிருக்க வேண்டும். வாசகர்களே, என்னை உங்களுக்குத் தெரியும்.

நிவேதாவின் குரலா? பதினாறு தடவை தும்மியவன் நான். வாசல்வரை வந்தவரிடம் திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, இருப்பதிலேயே கனிவான குரலில் கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, சேதிய நாலு வார்த்தையில நானே சொல்லிர்றேனுங்க, கொரலு மட்டும் என்னுதே இருந்துட்டுப் போகட்டுங்களா, மாமா கொரலுன்னு பழகிப்போச்சில்லீங்க?"

"அந்த மாமாவ எங்க ஊட்டுல யாருக்குமே ஆகாதுங்க" என்றார்.